இரண்டு வருஷமும் எழுபது வருஷமும்

எருசலேம் ஆலயத்தின் முற்றத்தில் இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரெதிரே நிற்கிறார்கள். சிதேக்கியா ராஜாவின் நாலாம் வருஷம், ஐந்தாம் மாதம். நம் கணக்கில் ஏறத்தாழ கி.மு. 593. ஒருவர் ஆனதோத் ஊர்க்காரரான எரேமியா. மாட்டுக்குப் பூட்டுகிற மர நுகத்தைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடமாடுகிறவர். பாபிலோனுக்கு அடங்கிப் போங்கள், உயிராவது மிஞ்சும் என்பதுதான் அந்த நுகம் சொன்ன சேதி. எதிரே நிற்பவர் கிபியோனைச் சேர்ந்த ஆசூரின் மகன் அனனியா. ஆசாரியர்களும் ஜனங்களும் சூழ்ந்து நிற்க, அவர் சொல்கிறார்: பாபிலோன் ராஜாவின் நுகத்தைக் கர்த்தர் முறித்துவிட்டார். இரண்டே வருஷம். நேபுகாத்நேச்சார் அள்ளிக்கொண்டுபோன ஆலயப் பணிமுட்டுகள் திரும்பி வரும். சிறைபோன எகொனியா ராஜா வருவார், கூடப் போன அத்தனை பேரும் வருவார்கள்.

எரேமியா புத்தகத்தின் 28-ஆம் அதிகாரம் இது. பொய்யான ஆலோசனை வேதாகமத்தில் வேறு பல இடங்களிலும் உண்டு. ஏதேனில் சர்ப்பம் பேசியது, அம்னோனுக்கு யோனதாப் சொல்லிக்கொடுத்தது, ரெகொபெயாமுக்கு அவனோடு வளர்ந்த வாலிபர்கள் ஓதியது, ஆகாபின் முன் நானூறு பேர் ஒரே வாயாகச் சொன்னது. அங்கெல்லாம் பொய் எந்தப் பக்கம் என்று வாசிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 28-ஆம் அதிகாரம் அந்தச் சலுகையை நமக்குத் தருவதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக முற்றத்தில் நிறுத்திவிடுகிறது. அன்று அங்கே நின்றிருந்தால் நான் அனனியா பக்கம்தான் சாய்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அங்கே நின்றிருந்த பெரும்பாலோரும் அப்படித்தான் சாய்ந்திருப்பார்கள்.

சாயாமலிருக்க அவர்களுக்கு என்ன காரணம்? அனனியாவும் தீர்க்கதரிசிதான், எபிரேய மூலம் அவரை அப்படித்தான் குறிப்பிடுகிறது, கள்ளர் என்ற பட்டம் கட்டுவதில்லை. இருவரும் பென்யமீன் நாட்டில் ஆசாரியர்களுக்கென்று விடப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள். இருவரும் கர்த்தரின் பெயரால்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அரசியல் காற்றும் அனனியாவுக்குச் சாதகமாகவே வீசியது. ஓரிரு வருஷம் முன்னால்தான் பாபிலோனுக்குள்ளேயே ஒரு கலகம் வெடித்து, நேபுகாத்நேச்சார் அதை அடக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் அந்தச் செய்தி பதிந்திருக்கிறது. ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் ஆகிய நாடுகளின் தூதர்கள் எருசலேமுக்கு வந்திருந்தார்கள். பெரிய ராஜ்யம் ஆட்டம் காண்கிறது என்ற பேச்சு எங்கும் இருந்திருக்கும். கி.மு. 597-இல் நடந்த முதல் சிறையெடுப்பில் பிள்ளையையோ புருஷனையோ பறிகொடுத்த ஒரு பெண் அந்த முற்றத்தில் நின்றிருந்தால், இரண்டு வருஷம் என்ற சொல் அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்!

இதையெல்லாம்விடப் பெரிய பலம் ஒன்று அனனியாவிடம் இருந்தது. அவர் புதிதாக எதையும் புனையவில்லை. நூறு வருஷத்துக்கு முன், கி.மு. 701-இல், அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்துக்கொண்டு எருசலேமையும் நெருக்கியபோது, பயப்படாதே என்று எசேக்கியாவுக்குத் தைரியம் சொன்னவர் ஏசாயா. பட்டணம் தப்பியது. அந்நியனின் நுகம் முறிந்துபோகும் என்பதே ஏசாயாவின் வாக்குதான். அனனியா அந்த வாக்கை எடுத்து, அது சொல்லப்படாத ஒரு காலத்துக்குப் பொருத்தினார். ஒரு தலைமுறைக்கு மெய்யாயிருந்தது அடுத்த தலைமுறைக்குப் பொய்யாகிவிடும் என்பதை நம்மால் எளிதில் ஏற்க முடிவதில்லை. பொய்யென்றால் அது கலப்படமற்ற பொய்யாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவனின் வாயிலும் வந்தது 91-ஆம் சங்கீதம்தான். வசனம் தெரிந்தவர் என்பதற்காக ஒருவரை நம்புகிற வழக்கம் நம்மிடம் வேரோடிப் போயிருக்கிறது. வேதமே அந்த வழக்கத்தை நம்ப வேண்டாம் என்கிறது.

எரேமியா அதற்கு என்ன செய்தார் என்பதைத்தான் ஆற அமரப் பார்க்க வேண்டும். முதல் வார்த்தையாக அவர் சொன்னது ஆமென். கர்த்தர் அப்படியே செய்யட்டும், நீர் சொன்னதை நிறைவேற்றட்டும் என்கிறார். இதைக் குத்தல் பேச்சாக எடுத்துக்கொள்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஜனத்துக்காகக் கண்ணீர் வற்ற அழுத மனிதர் அவர். அனனியா சொன்னது நடந்துவிட வேண்டும் என்ற ஆசை அங்கே நின்ற யாரையும்விட அவருக்குத்தான் அதிகம் இருந்திருக்கும். தன் ஆசையை ஒளிக்காமல் எல்லார் முன்னும் வைத்துவிட்டு, அதற்குப் பிறகே அவர் பேசுகிறார்: உமக்கும் எனக்கும் முன்னிருந்த தீர்க்கதரிசிகள் பல தேசங்களைக் குறித்து யுத்தம், கேடு, கொள்ளைநோய் என்றே சொல்லி வந்தார்கள், சமாதானம் வரும் என்று சொல்கிறவர் மெய்யாக அனுப்பப்பட்டவர்தானா என்பது அது நடக்கும்போது தெரியும். அவ்வளவுதான். அனனியா எட்டி அந்த மர நுகத்தை எரேமியாவின் கழுத்திலிருந்து எடுத்து உடைத்துப் போடுகிறார். எரேமியா தன் வழியே போய்விடுகிறார்.

பதில் இல்லை, எதிர்வாதம் இல்லை. மர நுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்ற வார்த்தை அவருக்குப் பிறகுதான் கிடைக்கிறது. கையில் வார்த்தை இல்லாத நேரத்தில், இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் வெறுங்கழுத்தோடு கூட்டத்தின் நடுவே நடந்துபோன அந்தத் தைரியம் என்னை மிகவும் பாதிக்கிறது. அனனியா அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் இறந்துபோனார். ஆனால் அன்று முற்றத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சாவு கைக்குக் கிடைக்காத சாட்சி. அவர்கள் அன்றைக்கே, அந்த வேளையிலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

உபாகமம் இரண்டு உரைகல்களைத் தருகிறது. 18-ஆம் அதிகாரம், சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது. 13-ஆம் அதிகாரமோ, சொன்ன அடையாளம் நடந்தாலும்கூட, சொல்கிறவன் உன்னை வேறு தெய்வங்களிடம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், பலித்ததா இல்லையா என்பது மட்டும் போதாது என்று ஆகிறது. எரேமியா 23-ஆம் அதிகாரத்தில் இன்னும் நெருக்கமான ஒன்றைக் கேட்கிறார்: இவர்களுடைய பேச்சைக் கேட்டு எவனாவது தன் பொல்லாத வழியை விட்டுத் திரும்பியிருக்கிறானா? இந்தக் கேள்வியோடு அனனியாவின் பேச்சை மறுபடி வாசித்துப் பாருங்கள். கேட்கிறவர்களுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. எல்லாம் வரும், எல்லாம் கிடைக்கும். கேட்டவர்கள் எதையும் விட வேண்டியதில்லை, யாருக்கும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை.

ஆனால் விலை இல்லாத ஆறுதல் என்று ஒன்று கிடையாது. அந்த விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள். அது யார் என்பதை 34-ஆம் அதிகாரம் காட்டுகிறது. சில வருஷங்களுக்குப் பின் பாபிலோன் சேனை எருசலேமைச் சூழ்ந்தபோது, சிதேக்கியாவும் பிரபுக்களும் ஓர் உடன்படிக்கை செய்து தங்கள் எபிரேய அடிமைகளை விடுதலை பண்ணினார்கள். ஏழாம் வருஷத்தில் விடவேண்டும் என்று நியாயப்பிரமாணம் சொல்லியிருந்தும் தலைமுறை தலைமுறையாக விடாமலிருந்தவர்கள், பயம் வந்ததும் விட்டார்கள். கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து அந்தத் துண்டுகளின் நடுவே நடந்து சத்தியம் செய்தார்கள். பிறகு எகிப்தின் சேனை வருகிறதென்று கேள்விப்பட்டுப் பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகினார்கள். ஆபத்து தீர்ந்தது என்று ஊர் மூச்சு விட்டது. உடனே, விட்ட அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பகுதியை அனனியாவின் அதிகாரத்தோடு சேர்த்து யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை ஒரு வீட்டுக்குள் நுழையும்போது முதலில் அடி வாங்குவது அந்த வீட்டின் வேலைக்காரி. சில நாள் தன் காலில் நின்று பார்த்தவள் மறுபடியும் மாவரைக்கும் கல்லுக்கு இழுத்துவரப்பட்டாள். முற்றத்தில் ஆரவாரித்தவர்களுக்கு அனனியாவின் ஆலோசனையால் அன்று ஒரு நஷ்டமும் இல்லை. அது பொய் என்று அவர்கள் கண்டுகொள்ளாமல் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

29-ஆம் அதிகாரத்தில் பாபிலோனில் இருக்கும் சிறைப்பட்டோருக்கு எரேமியா ஒரு கடிதம் அனுப்புகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நலனுக்காக ஜெபம் பண்ணுங்கள். எழுபது வருஷம் ஆகும். அங்கேயும் இரண்டு வருஷக்காரர்கள் இருந்தார்கள். ஜனங்கள் தாங்களே வரவழைத்துக்கொள்கிற சொப்பனங்கள் என்று எரேமியா அவர்களுடைய பேச்சைக் குறிக்கிறார். கேட்கிறவர்களின் ஏக்கம்தான் சொப்பனக்காரரை உண்டாக்குகிறது. அவர் வாயை மூடினால் அதே ஏக்கம் இன்னொருவரைத் தேடிப் பிடிக்கும். அந்தக் கடிதத்தில்தான், எழுபது வருஷம் என்று சொன்ன மறுவசனத்தில், நம் வீடுகளில் மிகவும் பிரியமான வாக்குத்தத்தம் இருக்கிறது: தேவன் நம்மைக் குறித்து நல்ல நினைவுகளே வைத்திருக்கிறார், நாம் எதிர்பார்க்கிற முடிவைத் தருவார் என்பது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டு பிறந்ததும் எங்கள் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். வேலை தேடும் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாய் தட்டிலிருந்து அட்டையை எடுத்து, கண்ணாடி கொண்டுவராததால் கையை நீட்டிப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்து, எரேமியா 29:11 என்று கண்டதும் முகம் மலர்ந்து வேதப்புத்தகத்துக்குள் செருகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த மலர்ச்சியை யாரும் குறை சொல்லக் கூடாது; அவள் தேடியது தேவனைத்தான். ஆனால் அந்த அட்டையை அச்சடித்துக் கொடுக்கிற, மேடையேறி இந்த வருஷமே நடக்கும் என்று முழங்குகிற நாம், பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டுப் பதினொன்றாம் வசனத்தை மட்டும் நீட்டுகிறோம். கடிதத்தைப் பெற்றவர்களில் வயது வந்தவர்கள் பெரும்பாலும் பாபிலோன் மண்ணிலேயே புதைக்கப்பட வேண்டியவர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட நம்பிக்கை அது. எழுபதை நீக்கினால் எரேமியாவின் வசனம் அனனியாவின் பேச்சாகிவிடுகிறது, ஓர் எழுத்துகூட மாறாமல். எகொனியா ராஜா திரும்பவே இல்லை. அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு, பாபிலோனில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது.

எரேமியா நம்பிக்கைக்கு விரோதியும் அல்ல. முற்றுகை நடந்துகொண்டிருக்கிறது, அவர் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். தகப்பனுடைய சகோதரனின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். அந்தப் பகுதியெல்லாம் பாபிலோன் சேனை வசம் இருக்கிற நேரம். காசு கொடுத்து வாங்க யாருக்கும் மனம் வராத நிலம். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சி வைத்துக் கிரயப் பத்திரம் எழுதி முத்திரை போட்டு, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைக்கிறார். மறுபடியும் இந்த தேசத்தில் வீடும் நிலமும் கைமாறும் என்பதற்கு அடையாளம் அது. அனனியாவின் நம்பிக்கைக்கும் இந்த நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதினேழு சேக்கல்.

சீராக்கின் ஞானம் 37-ஆம் அதிகாரம் இதைக் கறாராகவே சொல்கிறது: ஆலோசனை கேட்கப் போகும்முன் அந்த ஆளுக்கு இதில் என்ன லாபம் என்று விசாரித்துக்கொள். எரேமியாவின் காலத்து அதிகாரிகள் அவரிடமே இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பென்யமீன் வாசலில் பிடித்து, நீ பாபிலோனியர் பக்கம் ஓடுகிறாய் என்று சொல்லி அடித்தார்கள். பிற்பாடு சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியர் பழந்துணிகளையும் கந்தைகளையும் சேகரித்துக் கயிற்றோடு கீழே விட்டு, கயிறு அறுக்காதபடி இவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளும் என்று சொல்லித் தூக்கினார். அதன்பின் சிதேக்கியா ரகசியமாக அழைத்து ஆலோசனை கேட்கிறார். சரணடைந்தால் பிழைப்பீர் என்கிறார் எரேமியா. மறுத்தால் அரண்மனைப் பெண்கள் என்ன சொல்லிப் புலம்புவார்கள் என்பதையும் சொல்கிறார்: உம்முடைய சிநேகிதர்கள் உம்மை ஏமாற்றிவிட்டார்கள், உம் கால் சேற்றில் புதைந்ததும் விலகிப் போய்விட்டார்கள். சற்று முன்புதான் அவர் கால்கள் உண்மையான சேற்றில் புதைந்திருந்தன. சேற்றைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது.

சிதேக்கியாவுக்கு எந்தக் குரல் மெய் என்று தெரியும். தெரியாவிட்டால் ரகசியமாக ஆள் அனுப்பியிருக்க மாட்டார். கண்டுகொள்வது ஒன்று, அதன்படி செய்யத் துணிவது வேறொன்று. பாபிலோனியரோடு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட யூதர்கள் தன்னைப் பரிகாசம் பண்ணுவார்களே என்பதே அவருடைய பயம். அந்தப் பயத்தின் முடிவு, பாபிலோனியர் அவரைப் பிடித்துக்கொண்டுபோன ரிப்லாவில்: பிள்ளைகளைக் கண்முன் வெட்டி, பிறகு அந்தக் கண்களைப் பிடுங்கினார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, கசப்பான பேச்செல்லாம் மெய், இனிப்பான பேச்செல்லாம் பொய் என்று யாரும் முடிவு கட்டிவிடலாம். புத்தகம் அதற்கும் இடம் கொடுப்பதில்லை. பட்டணம் விழுந்த பின் மீந்தவர்களுக்கு அதிபதியாக மிஸ்பாவில் இருந்தவர் கெதலியா, நல்ல மனிதர். இஸ்மவேல் என்பவன் உம்மைக் கொல்ல வருகிறான் என்று படைத்தலைவர் யோகனான் எச்சரித்தபோது, நீ அவன்மேல் பொய் சொல்கிறாய் என்றார். சாப்பாட்டுப் பந்தியில் வெட்டப்பட்டுச் செத்தார். யூதர்கள் இன்றும் அவர் பேரில் ஓர் உபவாச நாள் அனுசரிக்கிறார்கள். அவரை வெகுளி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. யோகனான் கொண்டுவந்த செய்தி மெய், ஆனால் கூடவே ஒரு யோசனையும் வைத்தார்: ஒருவருக்கும் தெரியாமல் நான் போய் இஸ்மவேலை முடித்துவிடுகிறேன். கொலை யோசனையைக் கெதலியா தள்ளியது சரி. அதோடு சேர்த்துச் செய்தியையும் தள்ளிவிட்டதே கேடாக முடிந்தது. ஒரே வாயிலிருந்து மெய்யான தகவலும் பொல்லாத ஆலோசனையும் சேர்ந்து வரும்போது இரண்டையும் பிரித்தெடுக்க நிதானம் வேண்டும். அந்த நிதானம் நல்ல மனதுக்குத் தானாக வந்துவிடுவதில்லை.

அதே யோகனான் அடுத்த சில அதிகாரங்களில் மறுபக்கம் நிற்கிறார். மீந்த ஜனத்தைக் கூட்டிக்கொண்டு எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்கிறபடி செய்வோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பாபிலோனியரின் பழிவாங்கலுக்குப் பயந்து நடுங்கும் நேரம். ஒவ்வொரு நாளும் ஆபத்து. எரேமியா பத்து நாள் எடுத்துக்கொள்கிறார். இங்கேயே தங்குங்கள் என்ற பதில் பதினோராம் நாளுக்கு முன் வரவில்லை. அவர்கள் கேட்க வந்தபோதே பெத்லெகேமுக்குப் பக்கத்தில், எகிப்துக்குப் போகிற வழியில் தங்கியிருந்தார்கள். மூட்டை கட்டியாகிவிட்டது, போகலாம் என்ற ஒரு சொல் மட்டும் தேவைப்பட்டது. அது கிடைக்காததும், நீ பொய் சொல்கிறாய், பாருக் உன்னைத் தூண்டிவிடுகிறான் என்றார்கள். இஸ்மவேல் விஷயத்தில் எல்லாருக்கும் முன்னால் மெய்யைக் கண்ட யோகனான் தன் விஷயத்தில் அதைக் காணவில்லை. இன்னொருவருக்கு வரும் ஆபத்தில் தெளிவாக இருக்கும் கண், தன் பயம் உள்ளே வந்ததும் மங்கிவிட்டது. எரேமியாவையும் கூட இழுத்துக்கொண்டு எகிப்தின் தக்பானேசுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எகிப்தில் பத்ரோஸ் பகுதியில் குடியிருந்தவர்களோடு எரேமியாவுக்குக் கடைசியாக ஒரு வழக்கு நடக்கிறது. வானராக்கினி என்ற தெய்வத்துக்குத் தூபம் காட்டியதை நிறுத்திய நாள் முதல்தான் எங்களுக்கு எல்லாம் குறைந்துபோனது, பட்டயத்துக்கும் பஞ்சத்துக்கும் இரையானோம் என்கிறார்கள். அதற்கு முன் அப்பம் நிறைய இருந்தது, சுகமாக இருந்தோம் என்கிறார்கள். அவர்களும் நடந்ததை வைத்துத்தான் பேசுகிறார்கள். காலம் காட்டும் என்று எரேமியா சொன்ன அதே உரைகல்லில் உரசி வேறு தீர்ப்பு எடுக்கிறார்கள். முற்றுகைப் பட்டினியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள் நடுவே இருந்திருப்பார்கள். அந்த வாதத்தை அலட்சியமாக ஒதுக்க என்னால் முடியவில்லை. யாருடைய வார்த்தை நிலைக்கும் என்பதை மீதியாய் வருகிறவர்கள் அறிவார்கள் என்று எரேமியா பதில் சொல்கிறார். அவர்கள் ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கவில்லை.

வழக்கில் அவருக்கு ஒரு சாட்சி இருந்தது, அதை அவர் எடுத்துப் பேசவும் இல்லை. எருசலேம் விழுந்ததும் விலங்கிட்ட கைதிகளோடு அவரையும் ராமாவுக்குக் கொண்டுபோனபோது, பாபிலோனின் காவற்சேனாதிபதி அவர் விலங்கைக் கழற்றி, என்னோடு பாபிலோனுக்கு வரலாம், உம்மை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். பாபிலோனுக்கு அடங்குங்கள் என்று ஆயுசெல்லாம் சொல்லி, அதற்காக அடிபட்டு, துரவில் கிடந்தவருக்கு அந்த ஆலோசனையால் வரக்கூடிய ஒரே லாபம் அன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் மிஸ்பாவுக்குப் போய், தேசத்தில் விட்டுவைக்கப்பட்ட ஏழைகளோடு தங்கினார். அவர்களோடுதான் எகிப்துக்கும் வந்திருந்தார்.